நூல் கட்டிய வெள்ளிக் காசு

பழைய நாணயக் கடைக்குள் நுழைந்த பெரியவர், ஒரு வெள்ளிக் காசை மேஜைமேல் வைத்தார். வைத்தாரே தவிர விடவில்லை. காசைக் குறுக்கும் நெடுக்குமாக நூலால் கட்டி, மறுமுனையைத் தன் சுண்டுவிரலில் சுற்றியிருந்தார்.

"என்னங்க இது, கன்னுக்குட்டியா?" என்றார் கடைக்காரர்.

"நீங்க மாத்தி வச்சிட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது? ஓரமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் கரி. என்ன ஆச்சுன்னு பாத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள வேணும். என் வீடே அதுலதான் இருக்கு."

பிறகுதான் விஷயம் வந்தது. அப்பா விட்டுப் போன வீடு. முன்பக்கத்துக்குத் தெருவைப் பார்த்து இரண்டு ஜன்னல். பின்பக்கத்துக்குச் சாக்கடையைப் பார்த்து ஒன்று. முன்பக்கம் யாருக்கு என்று அண்ணனான இவரும் தம்பியும் ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள். கடைசியில் மாமா ஒருவர் வந்து காசைச் சுண்டினார். தம்பி தலை கேட்டார். தலை விழுந்தது. நாளை பத்து மணிக்குப் பத்திரப் பதிவு.

"காசுல கோளாறுன்னு எழுத்துல காட்டினா, வேற காசு போட்டு மறுபடி சுண்டறேன்னு மாமா சொல்லிட்டாரு. இல்லேன்னா சாகற வரைக்கும் சாக்கடை வாசம்தான் எனக்கு."

"தம்பி மேல சந்தேகமா?"

"நான் யார் பேரையும் சொல்லல. காசு அப்பா பெட்டியில இருந்தது. பெட்டி தம்பி கட்டிலுக்கு அடியில இருந்தது. அவ்வளவுதான்."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. அவருக்கும் ஒரு தம்பி உண்டு.

காசை ஒரு சாண் உயரத்திலிருந்து கல்மேல் போட்டார். 'டொக்' என்றது.

"வெள்ளின்னா கணீர்னு பேசணும். இது ஜலதோஷம் பிடிச்சவன் மாதிரி முனகுது."

"நூல் கட்டியிருக்கே, அதனால இருக்கும்," என்றார் பெரியவர்.

கடைக்காரர் காசை நூலோடு சேர்த்துத் தராசில் வைத்தார். அப்படியும் எடை குறைந்தது. நூலை நகர்த்திவிட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். விளிம்பை ஒட்டி உள்பக்கமாக, மயிரிழை போல வட்டமாக ஒரு கோடு.

"இணைப்பு தெரியுது."

"நிஜமாவே தெரியுதா?" பெரியவர் முகம் தொங்கிப்போனது.

பாவம் மனுஷன் என்று நினைத்தார் கடைக்காரர். கூடப்பிறந்தவன் கழுத்தறுத்தால் யாருக்குத்தான் வலிக்காது? ஈரத்துணியால் கரியைத் துடைத்தார். அடியிலிருந்து ஒரு ராஜா தலையை நீட்டினார். காசைப் புரட்டினார். அங்கேயும் அதே ராஜா.

"அடப்பாவி! ரெண்டு பக்கமும் தலை! ஒரு காசைக் கிண்ணம் மாதிரி குடைஞ்சு, இன்னொரு காசோட தலையைச் சீவி உள்ள பதிச்சிருக்கான். தெரியக் கூடாதுன்னு கரி வேற. கரியைத் துடைச்சுப் பாத்தா, நூறு தடவை சுண்டினாலும் தலைதான்."

"அதை அப்படியே எழுதுங்க. தலை கேட்டவன்தான் ஜெயிப்பான்னு கொட்டை எழுத்துல போடுங்க."

கடைக்காரர் எழுதினார். கேட்டதற்கு மேலேயே எழுதினார். 'இது திட்டமிட்டுச் செய்யப்பட்ட மோசடி' என்று ஒரு வரி சேர்த்து, அடியில் கோடும் போட்டார். பெரியவர் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

கையெழுத்து ஆயிற்று. முத்திரை மட்டும்தான் பாக்கி. அதை மையில் ஒற்றும்போது கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்லவேளை, வேலை மட்டம். ராஜா மூக்கையே கொஞ்சம் சீவிட்டான் பாருங்க."

"பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா யார் மூக்குலதான் குறை இருக்காது?"

"இல்லைங்க, கோடு கூட ஒரு பக்கம் கோணல். உங்க தம்பி எவனோ கத்துக்குட்டிகிட்ட குடுத்துச் செஞ்சிருக்காரு. இதுவரைக்கும் கத்தரிக்காய்தான் சீவியிருப்பான்போல."

மேஜைமேல் ஓர் அடி விழுந்தது. மைப்பெட்டி ஒரு முறை துள்ளி உட்கார்ந்தது.

"யாரைப் பாத்துய்யா கத்துக்குட்டிங்கற? முப்பது வருஷம் லேத்துல நின்ன கை இது! மூணு நாள் சோறு தண்ணி இல்லாம உக்காந்து குடைஞ்சிருக்கேன், கோணலாம்ல கோணல்!"

கடைக்காரரின் கையில் முத்திரை அப்படியே அந்தரத்தில் நின்றது. பெரியவருக்கோ ஆத்திரம் அடங்கவில்லை.

"அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சுட்டு, தலைன்னு சொல்ல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, அந்தத் திருட்டுப்பய முந்திக்கிட்டான்யா!"