டிரைவருக்கு ஒரு பலகை

“எல்லாம் சரி பாய், டிரைவர் எங்க படுப்பான்?”

உளியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமாள் ஆசாரி கேட்டார். மூன்று நாளாக இதையேதான் கேட்கிறார்.

“அவருக்குன்னு தனியா இடம் வேணாம் ஆசாரி” என்றார் மக்பூல் அகமது. மூன்று நாளாக இதே பதில்தான்.

ஆம்பூர் மக்பூல் அகமது பச்சைத் தோல் வியாபாரி. மாதத்தில் இருபது நாள் கலவை, நெமிலி என்று ஊர் ஊராகச் சந்தைக்கு அலைபவர். தோல் வாடைக்குப் பயந்து வெளியூரில் ஒருவரும் அவருக்கு வீடு தருவதில்லை. மனைவி முனவ்வர் பேகமோ இங்கே தனியாக. யோசித்துப் பார்த்தார் மனிதர். ஒரு கம்பெனி கழித்துப் போட்ட பழைய பஸ்ஸை வாங்கிவந்து, கொல்லையில் நிறுத்தி, “இதை வீடாக்கிக் குடுங்க” என்று ஆசாரியைக் கூப்பிட்டுவிட்டார். 1936-இல் ஆம்பூருக்குச் சிரிக்க வேறு விஷயமே தேவைப்படவில்லை.

நீளம் பதினாலு அடி, அகலம் ஆறு அடி. அதற்குள் ஒரு குடும்பம்!

யோசனை பூராவும் பேகத்தினுடையது. ஆசாரி அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததில்லை. சமையல்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்.

“அண்ணே, பெஞ்சு மூடியைத் தூக்கினா அரிசிப் பெட்டி. மூடினா கட்டில். சரியா?”

“ஆவட்டும்மா.”

“ஜன்னல் கதவை உள்பக்கமா மடக்கினா அதுலயே தட்டு வச்சு சாப்பிடணும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்குற பாத்திரமா வாங்கிட்டேன். மாட்டி வைக்க ஒரு ஆணி போதும்.”

நடுவில் தொழுகைக்கு ஒரு பாய் விரிக்கும் இடத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது என்றார் மக்பூல் அகமது. அது நீளவாட்டில்தான் அமைந்தது.

“வண்டி வடக்கு பார்த்து நின்னா மேற்கப் பார்த்து எப்படிப் பாய் விரிப்பீங்க?” என்றார் ஆசாரி.

“அதெல்லாம் கிழக்கு மேற்காத்தான் வண்டி நிக்கும்” என்றது திரை.

இத்தனைக்கும் இடம் இருந்தது. வண்டி ஓட்டுகிறவனுக்கு மட்டும் இல்லை. மக்பூல் அகமதுவுக்கோ வண்டி ஓட்ட வராது. ஓட்டப் பழகுகிறேன் என்று மாதனூர்ப் புளியமரத்தில் கொண்டுபோய் ஏற்றியது ஊருக்கே தெரியும்.

“டிரைவர் எந்த ஊரு பாய்?”

“கோலார்.”

பேகத்துக்கும் கோலார்தான். மச்சான் முறைக்காரன் எவனோ என்று நினைத்துக்கொண்டார் ஆசாரி. வாய்க்கு வாய் ‘அவர்’ என்கிறார், படுக்க நாலு முழம் பலகை தர மனசில்லை!

“டிரைவர் சீட்டை நாலு விரற்கடை முன்னால தள்ளிப் போடுங்க ஆசாரி. அவருக்குக் கால் எட்டாது.”

“குள்ளமான ஆளா? அப்ப பலகை இன்னும் கம்மியாத்தான் புடிக்கும்.”

“இன்னா ஆசாரி, பேஜார் பண்றீங்க!”

ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

“எங்க அண்ணன் ஒரு வியாபாரிக்கு மாட்டு வண்டி ஓட்டினான் பாய். மழைன்னு வண்டிக்கு அடியில படுத்தான். பாம்பு புடுங்கிடுச்சு. மொதலாளி மேல மெத்தையில தூங்கிட்டிருந்தாரு. வண்டி ஓட்றவன் மனுசன் இல்லியா? அவனுக்கு இடம் வைக்காத வண்டிக்கு நான் கதவு மாட்ட மாட்டேன். வேற ஆளப் பார்த்துக்குங்க.”

மக்பூல் அகமது திரையைத் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

“அண்ணன் சொல்றது நியாயம்தான். பலகை போடச் சொல்லுங்க.”

“நீயுமா!” என்றார் மக்பூல் அகமது.

ஆசாரிக்குப் பேகத்தின் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்தார். கூரையோடு ஒட்டினாற்போல் ஒரு பலகை. நாலு மூலைக்கும் நல்ல எருமைத் தோல் வார். ராத்திரி இறக்கினால் படுக்கை. விடிந்ததும் தூக்கி மாட்டினால் பலகை இருப்பதே தெரியாது. தானே ஏறிப் படுத்துப் பார்த்து, கண் கலங்க இறங்கினார்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் புறப்பாடு. கடைசி ஆணியை அடித்துவிட்டு ஆசாரி தெருவை எட்டிப் பார்த்தார். ஆண்பிள்ளைகள் எல்லோரும் பள்ளிவாசலில். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

“ஜும்மாவுக்குப் போவலயா பாய்?”

“பயணம் போறவனுக்குக் கட்டாயம் இல்ல ஆசாரி. தெரு காலியா இருக்கும்போதே கிளம்பிடணும்.”

“டிரைவர்?”

“வந்தாச்சு.”

டிரைவருக்குப் பலகையை இறக்கிக் காட்டிவிட்டுத்தான் போவது என்று ஆசாரி காத்திருந்தார். மக்பூல் அகமதுவோ இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு தானே முன்பக்கம் குனிந்து சுற்ற ஆரம்பித்தார். முதலாளியைச் சுற்றவிட்டு உட்கார்ந்திருக்கிறானே, யார் அந்த மகராசன் என்று ஆசாரி முன்னால் ஓடினார். வண்டி உறுமிக்கொண்டு உயிர் பெற்றது.

டிரைவர் சீட்டில் ஒரு கறுப்பு புர்கா. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த இரண்டு கைகளிலும் மருதாணி.

“பலகை ரொம்ப நல்லா இருக்குண்ணே, அதுல பாய் படுத்துக்குவாரு” என்றது திரைக்குப் பின்னால் கேட்டுப் பழகிய அதே குரல். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டியை எடுக்கணும்!”