ஐந்தாவது குமிழ்

"நாலு நாப் அசல். இது மட்டும் டூப்ளிகேட் சார்."

பழைய கார் ஊர்வலத்துக்கு வண்டியைச் சோதிக்க வந்தவர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து ராஜரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா வாங்கிய 56 மாடல் மோரிஸ். டேஷ்போர்டில் வரிசையாக ஐந்து 'நாப்' குமிழ்கள். நான்கு பழுத்த மஞ்சள். ஒன்று மட்டும் பால் வெள்ளை. இத்தனை நாள் கண் எங்கே போயிருந்தது?

சாவி இருப்பது டிரைவர் முருகையனிடம். அவர் மச்சானுக்குப் புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் கடை. இதற்கு மேல் என்ன வேண்டும்? தி.நகரில் துணிக்கடை நடத்துகிறவருக்கு ஆளை எடைபோடத் தெரியாதா என்ன!

"அசலைக் கழட்டி எங்கேய்யா குடுத்தே?" கடை ஆட்கள் முன்னாலேயே கேட்டுவிட்டார். நேற்றுவரை 'அண்ணே' என்று கூப்பிட்ட வாய்தான்.

"சத்தியமா நான் எதையும் எடுக்கல தம்பி."

"அப்போ மாத்தினது யாரு?"

முருகையன் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரை, அதாவது ராஜரத்தினத்தின் அப்பாவை, ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

போதாதா? ராஜரத்தினத்துக்குச் சந்தேகமெல்லாம் போய் நிச்சயமே வந்துவிட்டது.

மந்தைவெளி அப்துல் சமத் பாய் பழைய கார்களுக்குப் பாகங்கள் செய்து அசல் நிறம் கொண்டுவருவதில் கெட்டிக்காரர். புதுக் குமிழும் ஆயிற்று, திருட்டுக்குச் சாட்சியும் ஆயிற்று என்று மறுநாள் காலை அங்கே கிளம்பினார். எண்பது தாண்டிய அப்பாவையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். முருகையன்மேல் உயிரையே வைத்திருக்கிறாரே, தன் காதாலேயே கேட்கட்டும். ஓட்டியது முருகையன்தான். இன்றோடு அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவதாக முடிவு.

பாய் ஐந்து குமிழ்களையும் கழற்றித் திருப்பிப் போட்டார்.

"வெயில் படாத எடத்துலதான் சார் அசல் கலர் கீது. பாருங்க, நாலுக்கும் முதுகு வெள்ளைதான். மூஞ்சி மட்டும்தான் பழுத்துடுச்சு."

"அப்போ இந்த வெள்ளைதான் அசலா?" ராஜரத்தினம் குறுக்கே கேட்டார்.

"இல்ல. இது டூப்ளிகேட்தான்."

அப்பாடா, உயிர் வந்தது.

"மாட்டினப்போ அஞ்சும் ஒரே கலரு. இது வேற சரக்கு, மஞ்சளாவாது. அதான் இன்னிக்கு மாட்டிக்கிச்சு. உள்ளே கீறல் கீது பாருங்க, நான் போட்டது. என் மொத வேலை சார். நாப்பத்தஞ்சு வருசமாவுது."

"யார் கொண்டுவந்தது?"

பாய் முருகையனை உற்றுப் பார்த்தார். "இவர்தான். அப்போ மீசை கறுப்பா இருந்துச்சு."

"கேட்டீங்களாப்பா! நான் சொன்னேனா இல்லையா!"

"முழுசா கேளுங்க சார். ஒடஞ்ச நாப்பைத் துண்டு துண்டா கர்சீப்ல கட்டிக் கொண்டாந்தாரு. 'முதலாளி ஊருக்குப் போயிருக்காரு பாய். அவரு புள்ளை, ஆறு வயசு, சுத்தியால தட்டி ஒடச்சிடுச்சு. வர்றதுக்குள்ள மாட்டணும், இல்லாட்டி புள்ளையை பெல்ட்டால பின்னிடுவாரு'ன்னு ஒரே அழுகை. ரெண்டு நாளு இங்கயே உக்காந்துகினு இருந்தாரு."

பெரியவர் தம் ஒரே பிள்ளையை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

ராஜரத்தினம் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார்.

முருகையன் பதறிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"ஐயா, தம்பியை ஒண்ணும் பண்ணிடாதீங்க. சின்னப் புள்ளை, தெரியாம ஒடச்சிடுச்சு."