ஷெரினின் அபாகஸ் நோட்டு

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆறு மாதமாக அபாகஸ் கிளாஸ் போகும் மகள் ஷெரினுக்கு மூளை வளர்ந்த மாதிரியே தெரியவில்லை, நிறுத்திவிடலாம் என்றிருந்தான் ஆல்வின். எதற்கும் இருக்கட்டுமென்று ஹோம்வொர்க் நோட்டைப் புரட்டினான். ஒரு கணக்குகூடத் தப்பில்லை.

அசந்துபோய், “நானூத்தி எண்பத்தேழும் முந்நூத்தி அம்பத்தாறும் எவ்ளோடா கண்ணு?” என்றான்.

ஷெரின் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

“எண்ணூத்தி நாப்பத்தி மூணு.” சமையலறையிலிருந்து மனைவி ஜான்சியின் குரல்.

“அப்ப இந்த நோட்டு?”

“நான் போட்டதுதான். இவ கிளாஸ் முடியுற வரைக்கும் தினமும் ஜன்னலோரமாத்தானே உக்காந்திருக்கேன்” என்றபடி கரண்டியோடு வெளியே வந்தாள் ஜான்சி. “ஏங்க, அடுத்த லெவலுக்கும் இவளைச் சேர்த்துடுங்க. நடுவுல நிறுத்தினா எனக்கு மறந்துடும்.”