பழைய நேசையன்

“முன்ன அவன் எப்படி இருந்தான்? அதைச் சொல்லு பிள்ளே. முன்சீப்பு முதல்ல அதைத்தான் கேப்பாரு.”

நாகர்கோவில் வக்கீல் யேசுரத்தினம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிரே நேசையனின் மனைவி ஞானபாய் நின்றாள். எத்தனை சொல்லியும் நாற்காலியில் உட்காரவில்லை. முந்தானை தலையை மூடி, இடது காதையும் மறைத்திருந்தது. பாம்படம் போட்டுத் தொங்கிய காதை மிஷன் ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்துக்கொண்ட பெண்கள் பலர் அப்படி மூடிக்கொள்வதுண்டு. வக்கீல் அதைக் கவனிக்கவில்லை.

“நல்ல பெலசாலி ஐயா. ரெண்டாள் பிடிக்கக்கூடிய மூட்டையை ஒத்தையில தூக்கி பஸ்ஸு மேல போடுவாவ.”

“அது ஊருக்கே தெரியும். வீட்டுல?”

ஞானபாய் தரையைப் பார்த்தாள்.

“வீட்டுலயும் அப்பிடித்தான். அவிய தெருமுக்குல வரும்போதே நாங்க எந்திரிச்சு நின்னுருவோம். நாய்கூட சத்தம் காட்டாது.”

‘குடும்பத்தில் மதிப்புள்ளவன்’ என்று எழுதிக்கொண்டார் வக்கீல்.

ஆரல்வாய்மொழியில் பஸ் மேல் நின்று நேசையன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். டிரைவர் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டான். தலை கல்லில் மோதியது. உயிர் தங்கியது. ஆனால் பாயை விட்டு எழுந்து வந்தது வேறு ஆள். குனிந்து ஒரு மூட்டையைத் தொட்டால் கிறுகிறுத்து விழுந்துவிடுவான். பத்து வரை எண்ணச் சொன்னால் பாதியில் நின்று சிரிப்பான். வேலை போயிற்று. வீட்டில் அடுப்பு எரிவது அபூர்வமாயிற்று. பஸ் முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட வேண்டும் என்று ஞானபாய்தான் வக்கீலைத் தேடி வந்தாள்.

“சரி, இப்ப என்ன செய்யுகான்?”

“விளக்குமாறு எடுத்து முத்தம் தூத்துப் போடுவாவ. கிணத்துல தண்ணி கோரித் தருவாவ. பிள்ளைக்குச் சடை பின்னுவாவ.”

“கேட்டீரா ததேயுஸே, சடை பின்னுகானாம்! இது ஒண்ணு போதும். முன்சீப்பு மனசு இளகிரும்.”

குமஸ்தா ததேயுஸ் சன்னல் வழியே தலையை நீட்டினார். வெளியே பூவரச மரத்தடியில் நேசையன் மகள் ஜெபகனியை முன்னால் இருத்தி, அவள் தலையில் சீப்பை வைத்துக்கொண்டு என்னமோ யோசித்துக்கொண்டிருந்தான்.

“ஏலே நேசையா! பொம்பிளைக்குள்ள வேலையெல்லாம் நீ செய்யுகியா? பொறவு மீசை எதுக்குலே?”

“முடி சிக்கு விழுந்து கெடக்கு அண்ணாச்சி. பிள்ளைக்கு வலிக்காம எடுக்கணும்லா?”

சிரிக்க வாயெடுத்த ததேயுஸ் சிரிக்கவில்லை. “எப்பேர்ப்பட்ட ஆளு! இவன் சத்தம் சந்தையில கேட்டா நான் வேற வழியாப் போவேன்” என்று முனகிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து வக்கீலே ஆளனுப்பிக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

“முதலாளி ராஜிக்கு வந்துட்டாரு பிள்ளே! மாசாமாசம் பணம் தரமாட்டேங்காரு. ஆனா அதைவிடப் பெரிய காரியம் ஒண்ணு செய்யுகாரு. மிஷன் ஆஸ்பத்திரி தொரை டாக்டர் நேசையனைப் பாத்தாருல்லா? உடைஞ்ச எலும்பு ஒண்ணு மூளையை அமுக்கிக்கிட்டு இருக்காம். இப்படியே விட்டாலும் உயிருக்கு மோசமில்ல. ஆனா அதை எடுத்துட்டா ஆளு பழையபடி ஆயிருவான்னு டாக்டர் அடிச்சுச் சொல்லுகாரு. செலவு பூரா முதலாளிக்குள்ளது. எழும்பி வந்ததும் அதே வேலை. இந்தா, கையெழுத்துப் போடு.”

ஞானபாய் பேனாவைத் தொடவில்லை.

“என்ன, பேச்சு வரல்லியா? சபையே உனக்காக ஜெபம் பண்ணிச்சே! ‘நேசையனைப் பழையபடி ஆக்கும் ஆண்டவரே’ன்னு போதகர் கேக்கும்போ, நீ மட்டும் ஆமென் சொல்லாம நிப்பே. நானும் பாத்திருக்கேன். துக்கம் தொண்டையை அடைச்சிருக்கும். பரவாயில்ல, வாய்விடாத ஜெபத்தையும் கர்த்தர் கேட்டுட்டாரு.”

“ஐயா, மாசாமாசம் ஏதாவது வாங்கித் தர முடியாதா?”

“அதான் அவனே சம்பாதிச்சுக் கொண்டுவருவான்னு சொல்லுகேனே!”

“கொறைச்சுத் தந்தாலும் போதும் ஐயா. கஞ்சிக்கு உள்ளது போதும்.”

வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. மேசையைத் தட்டினார்.

“நீ என்ன பொம்பிளை? உனக்குத் தாலி கெட்டுன புருசன் வேணுமா, காசு வேணுமா?”

வாசலில் நிழல் விழுந்தது. நேசையன் நின்றான். அவன் தோளில் ஜெபகனி வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள். சடை கோணலாக இருந்தாலும் இறுக்கமாக முடிந்திருந்தது.

“ஐயா, பிள்ள உறங்குது. கொஞ்சம் பைய பேசுவியளா?”

சொல்லிவிட்டு, அவள் முதுகைத் தட்டியபடி மரத்தடிக்கே போய்விட்டான்.

வக்கீலின் குரல் தானாகத் தணிந்தது.

“பாத்தியா? இதா நேசையனுக்க சத்தம்? சிங்கம் மாதிரி இருந்தவன். இவன் இப்படியே கெடக்கட்டும்னு விடச் சொல்லுகியா?”

ஞானபாய் வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாள். பாம்படத்தோடு பிடித்து இழுத்ததில் பிய்ந்த இடது காது இரண்டு கீற்றாகத் தொங்கியது. அதற்கு மேலே, மயிர் முளைக்காத தழும்பு ஒன்று உச்சி வரைக்கும் ஓடியிருந்தது.

“நான் சோத்துக்குத்தானே ஐயா கேஸு குடுத்தேன். பழைய ஆளைத் திருப்பிக் கேக்கல்லியே.”