தரையைச் சுரண்டாமல்

முதல் பனி விழுந்த மறுநாள், ஐசலின் ஊர்க் கடையொன்றில், பனியை வாரி வீசும் ஸ்னோ ப்ளோயர் ஒன்றைத் தட்டிக் காட்டினார் ஜைனுதீன். அடுத்த தெருக்காரர், சபரிநாதனுக்கு அன்றைக்குத்தான் பழக்கம்.

“இதை வாங்குங்க தம்பி. டிரைவ்வே பத்து நிமிஷத்துல கிளீன்.”

“பிளேடு தரையைச் சுரண்டுமே அங்கிள்.”

“சரி, இந்த இரும்பு ஷவல்?”

“அதுவும் சுரண்டும்.”

“அப்ப உப்பைத் தூவி உருக்கிடுங்க.”

“பெயின்ட் போயிடும். கராஜ் வாசல்ல என் வொய்ஃப் பெயின்ட்ல கோலம் போட்டிருக்கா. அதுமேல ஏத்தக் கூடாதுன்னு காரைத் தெருவுலதான் விடறேன்.”

ஜைனுதீன் சிரித்துவிட்டார். “கார் நிக்கறது தெருவுல, அப்புறம் டிரைவ்வேல பனியை எதுக்குத் தள்ளணும்? வீட்டம்மாகிட்ட அவ்ளோ பயமா? அழிஞ்சா சம்மர்ல புதுசா போடச் சொல்லுங்க.”

“ஆகஸ்ட்ல தவறிட்டா அங்கிள். பனி மூடினதுல கோலம் தெரியல.”

ஜைனுதீன் ப்ளோயரிலிருந்து கையை எடுத்தார். அடுத்த வரிசைக்குப் போய், நீளக் கைப்பிடி வைத்த துடைப்பங்களைத் தடவிப் பார்த்து, மிருதுவானதாக இரண்டு எடுத்துவந்தார்.

“ஒண்ணு போதும் அங்கிள்.”

“இன்னொண்ணு எனக்கு. பனி இறுகறதுக்குள்ள கூட்டணும் தம்பி. இனிமே விழ ஆரம்பிச்சதும் போன் பண்ணுங்க.”