வெற்றுத் தட்டில் ஒரு புள்ளி

மரபணு அச்சிடும் இயந்திரத்தில் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் ரசாயனம் மிச்சமிருந்தது. இந்த முறையும் பலிக்காவிட்டால் அவளுடைய இரண்டு வருட ஆராய்ச்சிக்கு மூடுவிழா. ஐந்தாவது மரபணுவைத் திரையில் எழுதி முடித்து, அனுப்பும் பொத்தானை அவள் விரல் நெருங்கியபோது கதவு திறந்தது.

"தாயே, வெற்றுத் தட்டுல ஒண்ணு முளைச்சிருக்கு."

பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளைத் தயாரிக்கிற அண்ணன். தினமும் ஒரு தட்டில் மட்டும் எதையும் விதைக்காமல் வைப்பார். அதில் ஒன்றும் முளைக்காவிட்டால்தான் அறைக் காற்று சுத்தம் என்று அர்த்தம்.

"தும்மினீங்களா அண்ணே?"

"நான் தும்மினா பக்கத்துக் கட்டடத்துக்கே கேட்குமே!"

அவள் சிரித்தபடி அந்தப் புள்ளியை மரபணு படிக்கும் கருவியில் இட்டாள். ஒரு மணி நேரத்தில் விடை வந்தது. அவள் இன்னும் அனுப்பாத அதே மரபணு. கடைசிச் சில எழுத்துகளை விட்டால், நான்கு எழுத்துகள் மட்டும் மாறியிருந்தன. சரிபார்த்தாள். நான்கு இடத்திலும் தட்டில் இருந்ததுதான் சரி; திரையில் இருந்தவை அவள் செய்த பிழைகள்.

ஒவ்வொரு மரபணுவின் வாலிலும் அது எத்தனையாவது என்று சங்கேதமாக எழுதிவைப்பது அவள் பழக்கம். அதையும் படித்தாள்.

நாற்பத்தொன்று.

"நாப்பத்தொண்ணாவதுன்னு போட்டிருக்கு. என் சங்கேதம் யாருக்கும் தெரியாதே அண்ணே," என்று முணுமுணுத்தவள், நான்கு எழுத்துகளையும் திருத்திப் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

அண்ணன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "அஞ்சாவது உன் திரையில இருக்கு. நாப்பத்தொண்ணாவது என் தட்டுல இருக்கு. நடுவுல முப்பத்தஞ்சு இருக்கணுமேம்மா, அதெல்லாம் எங்க முளைச்சிருக்கு?"

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.