குழந்தைக்கு ஒன்றுமில்லை

“குழந்தைக்கு ஒண்ணுமில்லைங்க” என்று டாக்டர் பானுமதி சொன்னதும், ஜானகியம்மாள் எழுந்து வந்து மருமகள் சுகுணாவின் மடியிலிருந்து பேத்தியை வாங்கிக்கொண்டாள்.

இருபத்திரண்டு நாட்களில் இன்றுதான் அவள் குழந்தையைத் தொடுகிறாள்.

பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இதயத் தசை பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் ஓடுகிறது. அந்தக் கொழுப்பை எரியும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொருள் குழந்தையின் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லை என்றார்கள். கொழுப்பு பக்கத்திலேயே இருக்கும். இதயம் பட்டினி கிடக்கும்.

“எங்க வூட்டு ரத்தத்துல இப்பிடி எதுவும் கெடையாது” என்று ஜானகியம்மாள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். இண்டூரில் யார் விசாரித்தாலும் அதையே சொன்னாள்.

சுகுணா அலாரம் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்தாள். குழந்தை தூங்கும்போது அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள்.

போன வாரம் குழந்தைக்கு மறுபடியும் ரத்தம் எடுத்தபோது டாக்டர் அவளுக்கும் எடுத்தார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

ஜானகியம்மாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சுகுணாவும் எழுந்தாள்.

“நீங்க உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரரும் இருக்கட்டும்.”

குறை குழந்தையுடையது அல்ல என்றார் டாக்டர். வயிற்றில் இருக்கும்போது தாயிடம் இருப்பதைத்தான் அது எடுத்துக்கொள்ள முடியும். தாயிடம் அந்தப் பொருள் இல்லை; குழந்தையின் உடம்பு இனி அதைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

சாப்பிடாமல் வேலை செய்தால் மயக்கம் வருமா என்று டாக்டர் கேட்டார். சுகுணா தலையாட்டினாள். மஞ்சள் காட்டில் இரண்டு முறை விழுந்திருக்கிறாள். நடிக்கிறாள் என்றார்கள்.

டாக்டர் அவள் கணவன் தமிழ்மணியின் பக்கம் திரும்பினார். “ஒரு சிரப்தான். ஆயுசுக்கும் குடிக்கணும், இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க. சாப்பிடாம மட்டும் இருக்கவே கூடாது. இருந்தா இவங்க இதயம் சொல்லாம கொள்ளாம நின்னுடலாம்.”

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, “சரிங்க டாக்டர், சரிங்க” என்றான் தமிழ்மணி.

வெளியே ஜானகியம்மாள் பேத்தியின் கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றாள். மருமகளைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு. நடுவில் சுகுணா அதைப் பார்த்ததே இல்லை.

“தீர்த்தமலை ஈஸ்வரனுக்கு வேண்டிக்கிட்டேன் சுகுணா. புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு வந்துட்டா, பெத்தவ மூணு நாளு பச்சத்தண்ணி மட்டும் குடிச்சி மலை ஏறுவான்னு. இன்னைக்கே ஆரம்பிச்சிரு.”

சுகுணா கணவனைப் பார்த்தாள்.

அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்திலும் அந்தச் சிரிப்பு தொற்றியிருந்தது. பிறகு சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“மூணு நாள்தானே” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “ஏறிட்டு வந்து வாங்கிக்கலாம்.”